பேர் பிளாட்டினத்துக்கு, வேலை அலுமினாவுக்கு

எங்கள் ஆய்வகத்தில் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று உண்டு. உள்ளே தங்கமோ வெள்ளியோ கிடையாது. கறுப்பும் சாம்பலுமாக வினையூக்கித் தூள் அடைத்த சின்னச் சின்ன பாட்டில்கள்தான். "5% ரோடியம், அலுமினா மேல்", "5% ருத்தேனியம், கார்பன் மேல்", "10% பெல்லேடியம், கார்பன் மேல்" என்று லேபிள் ஒட்டியிருக்கும். அரை கிராம் எடுத்தாலும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பூட்டு உலோகத்துக்காக. 2021ல் ரோடியம் அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டியபோது, கணக்குப் பிரிவில் இருந்து அந்த அலமாரியைப் பார்க்கவென்றே ஆள் வந்து போனார்கள். ஆனால் பாட்டிலில் நூறு கிராம் தூள் இருந்தால் அதில் ரோடியம் ஐந்து கிராம்தான். மிச்சம் 95 கிராமும் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. அது என்ன விலை, எங்கே செய்தது, எப்படிப்பட்டது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வினையூக்கி, அதாவது தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருள், என்று பேச்சு எடுத்தாலே எந்த உலோகம் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பென்சீன் மாதிரி ஒரு பிடிவாதக்கார மூலக்கூறோடு கொஞ்சநாள் மல்லுக்கட்டினால், உலோகம் பாதிக் கதைதான் என்பது தெரிந்துவிடும். மீதிக் கதை அந்த 95 கிராமிலும், சுற்றியிருக்கும் சூட்டிலும், கண்ணுக்குத் தெரியாத அழுக்கிலும் இருக்கிறது.

பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு அந்த அறுகோணமும் நடுவில் போடும் வட்டமும் நினைவிருக்கும். ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன், தாளில் எழுதினால் மூன்று இரட்டைப் பிணைப்பு. சாதாரண இரட்டைப் பிணைப்பு ஒன்றில் ஹைட்ரஜனைச் சேர்த்தால், உதாரணமாக சைக்ளோஹெக்சீனில், மோலுக்கு ஏறக்குறைய 120 கிலோஜூல் வெப்பம் வெளியே வரும். அப்படியானால் மூன்றுக்கு 360 வரவேண்டும் இல்லையா? 1936ல் ஹார்வர்டில் கிஸ்டியாகோவ்ஸ்கியின் குழு அளந்து பார்த்தபோது பென்சீன் கொடுத்தது 208தான். குறைகிற 150 கிலோஜூலும் அந்த வளையம் ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கும் சொகுசு. ஆறு எலக்ட்ரான்களும் எந்த ஒரு பிணைப்புக்கும் சொந்தமில்லாமல் வளையம் முழுக்கப் பரவியிருப்பதால் வந்த நிலைத்தன்மை அது.

இந்தக் கணக்கில் என்னைக் கவர்ந்த எண் வேறு. ஹைட்ரஜன் மூன்று தவணையில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணையில் பென்சீன் சைக்ளோஹெக்சாடையீன் ஆக வேண்டும். அந்தப் படியில் வெப்பம் வெளியே வராது, நாம்தான் 23 கிலோஜூல் கொடுக்க வேண்டும். அதாவது ஏற்றம். அந்த ஏற்றத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த இரண்டு தவணையும் சறுக்கு. அதனால்தான் பென்சீன் ஒன்று அசையாமல் நிற்கும், இல்லாவிட்டால் ஒரே ஓட்டமாக சைக்ளோஹெக்சேன் ஆகிவிடும். நடுவழியில் சைக்ளோஹெக்சீனாக நிறுத்துவது குதிரைக்கொம்பு. அந்தக் குதிரைக்கொம்பையும் ஒரு நிறுவனம் பிடித்தது. அது பின்னால் வரும்.

கதை தொடங்குவது பிரான்சின் தெற்கே, தூலூஸ் நகரில். 1896ல் பாரிஸில் மொய்சானும் மூரூவும் அசிட்டிலீன் வாயுவை நுண்ணிய நிக்கல் தூள் மேல் செலுத்தினார்கள். தூள் தணல்போல ஒளிர்ந்தது, கரி படிந்தது. அதோடு அவர்கள் விட்டுவிட்டார்கள். தூலூஸில் இருந்த பால் சபாட்டியே, அவர்கள் இதைத் தொடரப்போவதில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு தானே இறங்கினார். 1897ல் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து நிக்கல் மேல் அனுப்பினார், ஈத்தேன் வந்தது. 1901ல் பென்சீன் ஆவியை 180 டிகிரி சுற்றில் அனுப்ப, சைக்ளோஹெக்சேன் வந்தது. சில வருடங்களுக்கு முன்புதான் ஜெர்மனியில் அடால்ஃப் ஃபான் பேயர் இதே சைக்ளோஹெக்சேனைச் செய்யப் பல படிகள் ஏறி இறங்கியிருந்தார். சபாட்டியேக்கு ஒரு கண்ணாடிக் குழாயும் கொஞ்சம் நிக்கலும் போதுமாக இருந்தது.

சோதனைகளில் கூடவே இருந்தவர் ழான் பாப்டிஸ்ட் சாந்தெரான்ஸ். பாதிரியார். ஆய்வுக் கட்டுரைகளில் இருவர் பெயரும் இருக்கும். 1912ல் நோபல் பரிசு வந்தபோது அதை சபாட்டியேயோடு பகிர்ந்துகொண்டவர் விக்டர் கிரின்யார், முற்றிலும் வேறு வேலை செய்தவர். சாந்தெரான்ஸுக்கு எதுவும் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் படிக்கும்போது எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. சபாட்டியேயின் இன்னொரு பக்கம் பிடிக்கும். பாரிஸில் பெரிய பதவி தேடி வந்தும் தூலூஸை விட்டு நகரவில்லை. எண்ணெயைக் கட்டியாக்கும் காப்புரிமையை 1902ல் எடுத்தது அவரில்லை, ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன். நம் ஊர் டால்டா அந்த வழியில் வந்ததுதான், நிக்கலால் கெட்டியாக்கிய தாவர எண்ணெய். (வனஸ்பதியில் நல்லெண்ணெய் கட்டாயம் கலக்க வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் இருந்தது. யாராவது அதை நெய்யில் கலந்து விற்றால் நிறச் சோதனையில் நல்லெண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். வேதியியல் தெரிந்த யாரோ யோசித்த சட்டம்.)

சபாட்டியேயின் நிக்கலுக்கு ஒரு குணம் இருந்தது. நிக்கல் ஆக்சைடை ஹைட்ரஜனில் சூடாக்கித்தான் உலோகத் தூள் செய்வார்கள். 300 டிகிரி அளவில் நிதானமாகச் செய்தால் தூள் நன்றாக வேலை செய்யும். அவசரப்பட்டுச் செக்கச்சிவக்கச் சூடாக்கினால் அதே நிக்கல், அதே எடை, ஆனால் சோம்பேறி. சூட்டில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். பெரிதானால் பெரும்பாலான அணுக்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் அணு பென்சீனைப் பார்க்கப்போவதே இல்லை.

இங்கேதான் அலுமினா வருகிறது. ஒரு கிராம் பிளாட்டினத்தைக் கட்டியாக ஒரு கனசதுரம் செய்தால் அதன் மொத்த மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. அதே கிராமை 2 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 140 சதுர மீட்டர். வீடு கட்டுகிறவர்கள் கணக்கில் சொன்னால் 1,500 சதுர அடி, தாராளமான மூன்று படுக்கையறை வீடு. ஆனால் அந்த உருண்டைகளைச் சும்மா விட்டால் சூடு பட்டதும் சேர்ந்துவிடும். அவற்றைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்க நிறைய இடம் வேண்டும். காமா அலுமினா கிராமுக்கு 200 சதுர மீட்டர் அளவு இடம் தரும், ஆக்டிவேட்டட் கார்பன் ஆயிரம்கூடத் தரும். பிரித்து வைப்பதும், பிடித்து வைப்பதும், வாயு உள்ளே போய்வர வழி விடுவதும்தான் தாங்கியின், அதாவது உலோகத்தைச் சுமக்கும் அலுமினா, கார்பன் போன்றவற்றின், அடிப்படை வேலை.

பென்சீன் விஷயத்தில் இதற்கு ஒரு தனி அழுத்தம் இருக்கிறது. 1960களில் மிஷெல் பூதார் போன்ற வேதியியலாளர்கள் வினைகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். சிலவற்றுக்குத் துகளின் அளவும் வடிவமும் மாறினால் ஒவ்வோர் அணுவின் திறனும் மாறும். சிலவற்றுக்கு மாறாது. பிளாட்டினம் மேல் பென்சீனை ஹைட்ரஜனேற்றுவது இரண்டாம் வகைக்குப் பாடப்புத்தக உதாரணம். துகள் சின்னதோ பெரிதோ, வெளியே தெரியும் ஒவ்வோர் அணுவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் உழைக்கும். அப்படியென்றால் வேகத்தைக் கூட்ட ஒரே வழி, அதிக அணுக்களை வெளியே தெரியவைப்பதுதான். அது உலோகத்தின் கையில் இல்லை, தாங்கியின் கையிலும் அதில் உலோகத்தை ஏற்றுகிறவர் கையிலும் இருக்கிறது. கதை அவ்வளவு சுத்தமானதும் இல்லை. 2007ல் பெர்க்லியில் சோமோர்ஜாய் குழு பிளாட்டினத் துகள்களைக் கனசதுரமாகவும், மூலை வெட்டிய வடிவிலும் தனித்தனியே செய்து பார்த்தது. கனசதுரம் சைக்ளோஹெக்சேனை மட்டும் தந்தது. மற்றது கொஞ்சம் சைக்ளோஹெக்சீனும் சேர்த்துத் தந்தது. மொத்த வேகத்துக்கு வடிவம் பெரிதில்லை என்றாலும், என்ன பொருள் வருகிறது என்பதில் அது தலையிடுகிறது.

ஏற்றுவது எப்படி என்று சொல்கிறேன், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. நன்றாகக் காயவைத்த அலுமினாத் தூளை ஒரு பீங்கான் கிண்ணத்தில் எடுத்துக்கொள்வோம். மாவுபோல வெள்ளையாக, தொட்டால் விரலில் ஒட்டாமல் ஓடும். குளோரோபிளாட்டினிக் அமிலத்தை நீரில் கரைத்தால் நல்ல ஆரஞ்சு மஞ்சள். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாடிக் கம்பியால் கிளற வேண்டும். ஊற்ற ஊற்றத் தூள் ஈரமாகவே தெரியாது. திரவம் எல்லாம் நுண்துளைகளுக்குள் போய்விடுகிறது, வெளியே காய்ந்த தூள்தான். இப்படியே போய் ஒரு கட்டத்தில், ஒரு சொட்டு விட்டதும் தூள் பளபளவென்று மின்னிக் கட்டி கட்டியாகச் சேரும். துளைகள் நிரம்பிவிட்டன, அடுத்த சொட்டுக்கு இடமில்லை என்று அர்த்தம். அந்த அளவை முதலில் வெறும் தண்ணீரில் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் குறைவான அளவில் தேவையான பிளாட்டினம் முழுவதையும் கரைத்துக்கொள்வோம். ஒரு துளிகூட வீணாகாது. விலையை நினைத்தால் அதுதான் நியாயம். அப்புறம் 110, 120 டிகிரியில் காயவைத்து, காற்றில் சுட்டு, கடைசியில் ஹைட்ரஜனில் சூடாக்கி உலோகமாக ஒடுக்கினால் வினையூக்கி தயார்.

தூளுக்குப் பதிலாக நூடுல்ஸை ஒடித்தது போன்ற கட்டைகளில் ஏற்றினால் இன்னொரு வேடிக்கை. ஒரு கட்டையை பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளி ஓரத்தில் மட்டும் நிறம் வளையமாக இருக்கும், நடு வெள்ளை. அலுமினாவுக்குப் பிளாட்டினக் குளோரைடு அயனி மேல் அவ்வளவு ஆசை, வாசலிலேயே பிடித்துக்கொள்கிறது. உள்ளேயும் போக வேண்டுமென்றால் கரைசலில் சிட்ரிக் அமிலம் கலப்பார்கள். அதுவும் அதே இடங்களுக்கு அடித்துக்கொள்வதால் பிளாட்டினம் இடம் தேடி நடுவுக்குப் போகும். சிட்ரிக் அமிலத்தைக் கூட்டினால் ஓரம் வெள்ளையாகி, நடுவில் மட்டும் நிறம் நிற்கும்படியும் செய்யலாம். பென்சீன் வினை வேகமானது. வாயு கட்டையின் மையத்தைத் தொடும் முன்பே ஓரத்தில் வேலை முடிந்துவிடும், ஆகவே நடுவில் போட்ட பிளாட்டினம் பெரும்பாலும் முடங்கிய பணம். ஆனால் வரும் வாயுவில் நச்சு இருக்கும் என்று தெரிந்தால் உலோகத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பதும் உண்டு. ஓரம் அடிவாங்கட்டும், உள்ளே பிழைக்கட்டும் என்று.

தாங்கி வெறும் இடம் கொடுக்கிற வீட்டுக்காரர் மட்டுமா என்பதே நீண்ட சண்டை. 1964ல் கூபியார் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை காட்டினார். மஞ்சள் நிற டங்ஸ்டன் ஆக்சைடு அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனோடு எதுவும் செய்யாது. அதோடு பிளாட்டினம் ஏற்றிய அலுமினாவைக் கையால் கலந்து ஹைட்ரஜனைக் காட்டினால் மொத்தமும் நீலமாகிவிடும். ஹைட்ரஜன் பிளாட்டினம் மேல் உடைந்து, அணுவாகி, தாங்கி வழியாக நடந்து போய்ப் பக்கத்துத் துகளை எட்டியிருக்கிறது. இது எவ்வளவு தூரம் நடக்கும்? 2017ல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று பிளாட்டினத்தையும் இரும்பு ஆக்சைடையும் நானோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளி வைத்து அளந்தது. டைட்டானியம் ஆக்சைடு மேல் ஹைட்ரஜன் தாராளமாக ஓடுகிறது, அலுமினா மேல் 15 நானோமீட்டருக்குள் ஓய்ந்துவிடுகிறது. தாங்கி அமிலத்தன்மை உள்ளதாக இருந்தால், அதன் மேல் ஒட்டியிருக்கும் பென்சீனுக்கும் இந்த நடைபாதை ஹைட்ரஜன் கிடைக்கும். பெல்லேடியத்தை அமிலத் தாங்கிகளில் ஏற்றினால் பென்சீன் வினை வேகமெடுப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

பெல்லேடியம் என்றதும் ஒன்று. ஆய்வகத்தில் ஹைட்ரஜனேற்றம் என்றால் எல்லார் கையும் முதலில் போவது பெல்லேடியம் ஏற்றிய கார்பனுக்குத்தான். ஆனால் பென்சீன் வளையத்தில் அது மந்தம். அந்த மந்தமே அதற்கு மதிப்பு. நைட்ரோபென்சீனை அனிலீன் ஆக்கும், வளையத்தைத் தொடாது. பீனாலைக் கொடுத்தால் சைக்ளோஹெக்சனோன் வரை போய்த் தயங்கும். வளையத்தையே நிரப்ப வேண்டுமென்றால் ரோடியமும் ருத்தேனியமும்தான் முன்னால் நிற்பவை, அடுத்து பிளாட்டினம், நிக்கலெல்லாம் அதற்கும் பின்னால். விலைக்காரணத்தால் ஆலைகளில் இந்த வரிசை ஏறக்குறைய தலைகீழ்: முதலில் நிக்கல், முடியாவிட்டால் மற்றவை.

வடிகட்டும்போதுதான் இந்தத் தூள் தன் சுயரூபத்தைக் காட்டும். வினை முடிந்ததும் ஃபில்டர் தாளில் கறுப்பாகத் தங்கும் பெல்லேடியம் கார்பனில் ஹைட்ரஜன் ஊறிக் கிடக்கும். மேலே மெத்தனால் ஈரம் இருக்கும்வரை சாது. காய்ந்து காற்றுப் பட்டால் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொறி நகரும், மெத்தனால் ஆவி பற்றினால் நீலத் தீ, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணன் பாடம் எடுப்பது ஒரே வரியில்: "தம்பி, போன் வந்தாலும் பாஸ் வந்தாலும் சரி, அதக் காய விட்டுட்டுத் திரும்பாதீங்க." வடிகட்டியதும் தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடே டப்பாவில் அடைத்து, தனியாக வைப்போம்.

இனி ஆலைக்குப் போவோம். உலகில் செய்யும் சைக்ளோஹெக்சேனில் பெரும்பகுதி பென்சீனில் இருந்து வந்து நைலானுக்குப் போகிறது. கொச்சிக்குப் பக்கத்தில் உத்யோகமண்டலில் இருக்கும் ஃபாக்ட் உர ஆலையின் கேப்ரோலாக்டம் (நைலானின் மூலப்பொருள்) பிரிவும் பென்சீனில் தொடங்கியதுதான். ஒரு கிலோ பென்சீனை முழுதாக மாற்றினால் 2,600 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வெளியேறும். கொதிநிலையில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை மொத்தமாக ஆவியாக்கியும் மிச்சமிருக்கும். இந்தச் சூட்டை வெளியே எடுக்காவிட்டால் என்ன ஆகும்? வெடிப்பதெல்லாம் இருக்கட்டும், அதற்கு முன்பே வேதியியல் நம்மைக் கைவிடும். 300 டிகிரிக்கு மேல் போனால் வினை பின்னோக்கி ஓட ஆரம்பிக்கிறது. சைக்ளோஹெக்சேன் ஹைட்ரஜனை உதறிவிட்டு மறுபடி பென்சீன் ஆகும். 1911லேயே ரஷ்யாவில் ஸெலின்ஸ்கி அதே சூட்டில், அதே வகை உலோகங்கள் மேல் இதைச் செய்து காட்டிவிட்டார்.

கொஞ்சம் பென்சீன் மாறாமல் மிஞ்சினால் காய்ச்சி வடித்துப் பிரித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பென்சீன் கொதிப்பது 80.1 டிகிரியில், சைக்ளோஹெக்சேன் 80.7ல். இயற்கைக்கும் குறும்பு உண்டு. பிரிக்க வழியில்லாததால் பென்சீனைக் கிட்டத்தட்ட கடைசி மூலக்கூறு வரை மாற்றியாக வேண்டும். அதற்குக் குறைந்த சூடு வேண்டும். குறைந்த சூட்டில் வேலை செய்ய நல்ல வினையூக்கி வேண்டும். பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனமான ஐ.எஃப்.பி. வடிவமைத்த முறை இதை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. முதல் கலத்தில் திரவத்துக்குள் ரேனி நிக்கல் தூள் மிதந்துகொண்டே 200 டிகிரி சுற்றில் பெரும்பகுதியை மாற்றும். திரவத்தைச் சுற்றவிட்டும் ஆவியாக்கியும் சூட்டை வெளியே எடுத்து நீராவி செய்துகொள்வார்கள். இரண்டாவது கலத்தில் தாங்கிமேல் ஏற்றிய வினையூக்கிப் படுக்கை, விட்டுப்போன கொசுறைத் துடைத்தெடுக்கும்.

ரேனி நிக்கலுக்குத் தாங்கி கிடையாது என்று யாராவது இங்கே கை தூக்கலாம். சரிதான். நிக்கலும் அலுமினியமும் கலந்த உலோகத்தைக் காஸ்டிக் சோடாவில் போட்டு அலுமினியத்தைக் கரைத்தெடுத்தால் கடற்பஞ்சுபோல மிஞ்சுவது அது. அமெரிக்காவில் மர்ரே ரேனி 1920களில் பருத்திக்கொட்டை எண்ணெய்க்காகக் கண்டுபிடித்தது. அதில்கூடக் கரையாமல் மிஞ்சும் கொஞ்சம் அலுமினியமும் அதன் ஆக்சைடும்தான் பஞ்சு இடிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கின்றன.

அழுக்குக்கு வருவோம். இதில் எனக்குப் பிடித்த சம்பவம் வினையூக்கிக்கே சம்பந்தமில்லாதது. 1882ல் சூரிக்கில் விக்டர் மேயர் மாணவர்களுக்கு ஒரு நிறச் சோதனை காட்டினார். பென்சீனில் ஐசாட்டினும் கந்தக அமிலமும் சேர்த்தால் ஆழ்ந்த நீலம் வரும், பென்சீனின் அடையாளம் அது என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அன்று நீலம் வரவில்லை. உதவியாளர் சாண்ட்மேயர் வழக்கமான நிலக்கரித் தார் பென்சீனுக்குப் பதில், பென்சாயிக் அமிலத்தில் இருந்து செய்த சுத்தமான பென்சீனைக் கொடுத்திருந்தார். அதாவது நீலம் கொடுத்தது பென்சீனே இல்லை, அதில் கலந்திருந்த இன்னொன்று. மேயர் அதைப் பிரித்தெடுத்துத் தயோஃபீன் என்று பெயரிட்டார். கந்தகம் உள்ள வளையம், கொதிநிலை 84 டிகிரி, பென்சீனுக்குப் பக்கத்திலேயே. பிரித்தெடுக்க அத்தனை பேர் தவறியதில் ஆச்சரியமில்லை.

நிக்கலுக்கு இந்தத் தயோஃபீன் எமன். கந்தகம் உலோகத்தின் மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்காது, அந்த இடம் போனது போனதுதான். பென்சீனில் கந்தகம் கொஞ்சம் கூடினால் மாதக்கணக்கில் ஓட வேண்டிய படுக்கை சீக்கிரமே செத்துவிடும். அதனால் அரோமாட்டிக் சேர்மங்களை, அதாவது பென்சீன் போன்ற வளையம் உள்ளவற்றை, ஹைட்ரஜனால் நிரப்பும் ஆலைகளில் பாதி ஏற்பாடு கந்தகத்தை முன்கூட்டியே நீக்குவதற்குத்தான். டீசல் சுத்திகரிப்பில் அரோமாட்டிக் குறைத்து சீட்டேன் எண்ணை (டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதன் அளவை) கூட்ட வேண்டுமென்றால் முதலில் நிக்கல் மாலிப்டினம் போன்ற சல்ஃபைடு வினையூக்கிகள் கந்தகத்தை ஏறக்குறைய முழுதாக எடுத்துவிடும். அப்புறம்தான் பிளாட்டினமும் பெல்லேடியமும் உள்ளே வரலாம். அவற்றையும் அலுமினாவை விட அமிலத்தன்மை மிகுந்த ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் மேல் ஏற்றினால் கந்தகத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகின்றன. உலோகம் அதேதான், உட்கார்ந்திருக்கும் இடம் மாறியதால் வந்த சகிப்புத்தன்மை. ஏப்ரல் 2020ல் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது இந்தியாவில் பெட்ரோல், டீசல் இரண்டிலும் கந்தகம் 10 பி.பி.எம்முக்குள் வந்தது.

இப்போது அந்தக் குதிரைக்கொம்பு. நைலானுக்கு சைக்ளோஹெக்சேனைக் காற்றால் ஆக்சிஜனேற்ற வேண்டும். அது தொல்லை பிடித்த வேலை. ஒரு தடவைக்குச் சில சதவீதம்தான் மாற்ற முடியும், அதிகம் போனால் விரும்பிய பொருளே எரிந்து வீணாகும். மிச்சத்தைச் சூடாக, அழுத்தத்தோடு, டன் டன்னாகத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோவில் 1974 ஜூன் 1 அன்று அப்படிச் சுற்றிய சைக்ளோஹெக்சேன்தான் தற்காலிகக் குழாய் ஒன்று உடைந்து வெளியே கொட்டி வெடித்தது. 28 பேர் செத்தார்கள். பென்சீனை சைக்ளோஹெக்சீனிலேயே நிறுத்த முடிந்தால், அதோடு தண்ணீரைச் சேர்த்து நேராக சைக்ளோஹெக்சனால் செய்துகொள்ளலாம், காற்று ஆக்சிஜனேற்றமே வேண்டாம்.

ஜப்பானில் அசாஹி நிறுவனம் 1990ல் மிசுஷிமாவில் இதை ஆலையாகவே ஓட்டிவிட்டது. உலோகம் ருத்தேனியம், வளையத்தை வெறியோடு நிரப்பும் அதே ருத்தேனியம். அதை அடக்கியது தண்ணீர். கலத்துக்குள் ஹைட்ரஜன் வாயு, எண்ணெயாகப் பென்சீன், துத்தநாக சல்ஃபேட் கரைந்த தண்ணீர், அதில் மிதக்கும் ருத்தேனியத் துகள்கள், கூடவே அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சிர்க்கோனியா. துகளைச் சுற்றி எப்போதும் ஒரு தண்ணீர்ப் படலம். பென்சீன் தண்ணீரில் கொஞ்சம் கரையும், லிட்டருக்கு 1.8 கிராம் அளவில். அது படலத்தைக் கடந்து உலோகத்தை எட்டுகிறது. சைக்ளோஹெக்சீனாக ஆனதும் அதன் கரைதிறன் பல மடங்கு குறைகிறது. தண்ணீர் அதை எண்ணெய்ப் பக்கம் துரத்திவிடுகிறது, மீண்டும் உள்ளே வர விடுவதில்லை. உலோகத்துக்கு இரண்டாவது வாய்ப்பே கிடைக்காது. துத்தநாகம் உலோகத்தின் மேல் சென்று மிக ஆவேசமான இடங்களை மட்டும் அடைத்துவைக்கிறது. வினையூக்கியின் திறமை என்று ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்டச் சொன்னால் இந்தக் கலத்தில் எதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வினையூக்கித் துறையில் ஒரே ஒரு கண்டுபிடிப்புக்குத்தான் ஓட்டு என்றால் என் ஓட்டு இதற்கு.

இந்த வேதியியலுக்கு இப்போது புதுசாக ஒரு வேலை வந்திருக்கிறது, ஹைட்ரஜனைச் சுமப்பது. ஹைட்ரஜனை நேராகக் கப்பலில் ஏற்றுவது சிரமம். பென்சீனின் நெருங்கிய உறவான டொலுயீனில் ஏற்றினால் மெத்தில்சைக்ளோஹெக்சேன், சாதாரணப் பெட்ரோல் மாதிரித் திரவம், எடையில் 6 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன். 2020ல் ஜப்பானின் சியோடா உள்ளிட்ட நிறுவனங்கள் புரூனேயில் ஹைட்ரஜனை ஏற்றி, கப்பலில் கொண்டுவந்து, கவாசாகியில் இறக்கிக் காட்டின. காலி டொலுயீன் திரும்பப் புரூனேக்குப் போனது. ஏற்றும்போது கிடைக்கும் வெப்பம் ஒரு நாட்டில், இறக்கத் தேவைப்படும் வெப்பம் வேறொரு நாட்டில். ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பதில் கால் பங்குக்கும் மேல் அதை வெளியே எடுக்கவே போய்விடுகிறது. எங்காவது வீணாகும் ஆலைச் சூடு பக்கத்திலேயே கிடைத்தால் ஒழிய இது கட்டுப்படியாகாது என்பது என் கணிப்பு.

இறக்குமிடத்தில் இருப்பது பிளாட்டினம் ஏற்றிய அலுமினா. 400 டிகிரிக்குச் சற்றுக் கீழே வெறும் பிளாட்டினம் ஹைட்ரஜனை மட்டும் கழற்றாது, கார்பன் பிணைப்பையும் வெட்டும், மீத்தேனும் கரியும் வரும், டொலுயீன் கணக்கில் குறையும். அதைத் தடுக்க அந்தப் பிளாட்டினத்துக்குக் கொஞ்சமே கொஞ்சம் கந்தகம் கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் ஆலைகளில் பிளாட்டினம் ரீனியம் வினையூக்கியை ஓட்டத் தொடங்கும்போதும் இதே வைத்தியம்தான், அளந்து கொடுத்த கந்தகம் உலோகத்தின் வெட்டும் குணத்தை மட்டுப்படுத்தும். அளவு கொஞ்சம் கூடினால் படுக்கை மொத்தமும் காலி, குறைந்தால் முதல் சில மணிநேரத்திலேயே சூடு எகிறும். அதனால் ஸ்டார்ட்-அப் நாளில் கந்தகம் கொடுக்கும் வால்வைத் திறக்கிற வேலையை எப்போதும் அனுபவஸ்தர் ஒருவரிடம்தான் ஒப்படைப்பார்கள்.